சுவருக்குள் போன ஒயர்

கட்டட வேலை நடக்கும் இடங்களில் அவனுக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. கொத்தனாரிலிருந்து பெயின்டர் வரை எல்லோருக்கும் அவன் ‘கன்சீல்’. எலக்ட்ரீஷியன்கள் நூறு பேர் இருக்கலாம். ஆனால் ஒரு ஒயர்கூடக் கண்ணில் படாமல், சுவரைக் கொத்திப் பைப் புதைத்து, மேலே பூசி, விரலால் தடவிப் பார்த்தாலும் எந்த இடத்தில் கொத்தினான் என்று தெரியாதபடி கன்சீல்டு வயரிங் செய்கிறவன் தான் ஒருவன்தான் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அதில் பெரிய பொய்யும் இல்லை. யார் வீட்டுக்குப் போனாலும் அவன் கண் முதலில் மனிதர்களைப் பார்க்காது, சுவரைத்தான் பார்க்கும். எங்கேயாவது ஒரு ஒயர் தொங்கிவிட்டால் போச்சு, அந்த வீட்டு டீ அவன் தொண்டையில் இறங்காது.

அவன் மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறவள். நாற்பத்தாறு வயது, அதில் பதினாறு வருடம் ஸ்டியரிங்குக்குப் பின்னால். இதிலெல்லாம் அதிசயம் ஒன்றும் இல்லை. அதிசயம், ஷிப்ட் முடிந்து வந்து முகம் கழுவிவிட்டு அவள் போய் உட்காருகிற இடத்தில் இருந்தது. மகளுக்கு வாங்கிய கம்ப்யூட்டர் அது. மகளுக்கு வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு சும்மா கிடந்ததைத் தூசி தட்டப் போனவள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதும் துப்பாக்கி விளையாட்டு. உட்கார்ந்து மூன்று வருடம் ஆகிறது, இன்னும் எழுந்திருக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த விளையாட்டில் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொள்வார்கள். புலி, எமன், இடிமுழக்கம் என்று ஆளாளுக்கு வைத்துக்கொண்டிருக்க, இவள் ‘மாமியார்’ என்று வைத்துக்கொண்டாள்.

“புலியப் பாத்தாக்கூட ஓடாம நிக்கிறவன் இருப்பான். மாமியாரப் பாத்து நின்னவன் எவனாவது இருக்கானா, சொல்லுங்க பாப்போம்” என்று கணவனிடம் கேட்டாள். அவன் ஏன் வாயைத் திறக்கப் போகிறான்?

அவள் குழுவில் ஆறு பேர். மற்ற ஐந்து பேரும் அவள் வயதில் பாதி. அதில் ஒருவன் புதிதாகச் சேர்ந்த பையன். ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு ஹெட்போனில் பேசிக்கொள்கிறவர்கள். தலைவி, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண். எல்லோரும் அவளைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய அரங்கில் நடக்கும் போட்டிக்கு அந்தக் குழு தேர்வாகியிருந்தது. அரங்கில் நாற்காலி ஐந்து. குழுவிலோ ஆறு பேர். கணக்கு எங்கே போய் இடிக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தார்கள், ஒரு புதன்கிழமை சாயங்காலம் கேப்டன் சொல்லும்வரை.

“மாமியாரே, தப்பா எடுத்துக்காதீங்க. இப்பல்லாம் நீங்க ஒரு நொடி லேட்டாத்தான் சுடுறீங்க. அரங்கப் போட்டி அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை. அதுக்கு முந்தின நாள், சனிக்கிழமை ஏழு மணிக்குக் கடைசிப் பயிற்சி ஆட்டம். அத வச்சுத்தான் அஞ்சு பேர முடிவு பண்ணப் போறேன்.”

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஸ்குரூ டிரைவர்களைத் துடைத்துக்கொண்டிருந்த கன்சீல் நிமிர்ந்து பார்த்தான்.

“என்னம்மா?”

“ஒண்ணும் இல்லங்க. வயசாயிடுச்சு.”

“வயசாவது மண்ணாவது! அந்த மானிட்டரப் பாரு, நம்ம பொண்ணு பள்ளிக்கூடத்துல படிக்கும்போது வாங்குனது. மானிட்டர்தான் லேட்டு, நீ இல்ல.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று சொல்லி அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை. பிறகு தானாகவே பேசினாள். “பஸ்ஸ எட்டு மணி நேரம் ஓட்டுறேன். ஒழுங்கா ஓட்டுனா, நான்னு ஒருத்தி முன்னாடி உக்காந்திருக்கறதே யாருக்கும் தெரியாது. பிரேக்க ஓங்கி மிதிச்சாத்தான் நிமிந்து பாப்பாங்க. இங்க ஒண்ணே ஒண்ணு சரியா பண்ணாக்கூட நாலு பேரு காது கிழியக் கத்துறாங்க. அது இல்லாம இருக்கணும்னா… இருந்துக்கலாம். ஆனா கஷ்டமா இருக்கும்.”

இப்படி மனம் விட்டு அவள் பேசுவது அபூர்வம். பதிலுக்கு ஏதாவது நல்ல வார்த்தையாகச் சொல்ல அவன் நினைத்தான். வாயில் வந்தது, “ஞாயித்துக்கிழமை கடைக்குப் போறோம்” என்பதுதான். அவன் அப்படித்தான். பாசம் அவனுக்கு வேலையாகத்தான் வரும், வார்த்தையாக வராது.

இதற்கு முன்னாலும் ஒரு தடவை அப்படி நடந்திருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியின் காற்றாடி, ஓடினால் மாவு மில் மாதிரி இரையும். அந்த விளையாட்டிலோ எதிராளியின் காலடிச் சத்தத்தைக் கேட்டுத்தான் பிழைக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால், அவள் மகளைப் பார்க்க மூன்று நாள் ஊருக்குப் போயிருந்த சமயம் பார்த்து லீவு போட்டு, பெட்டியைத் தூக்கி ஸ்டோர் ரூமில் வைத்தான் கன்சீல். ஸ்டோர் ரூம் சுவரில் ஏற்றி, கூரை ஓரமாக ஓட்டி, ஹாலில் மேசைக்குப் பின்னால் இறக்கி, மானிட்டர் ஒயர், மவுஸ் ஒயர், ஹெட்போன் ஒயர் எல்லாவற்றையும் சுவருக்குள் வைத்துப் பூசி, பெயின்ட்டும் அடித்துவிட்டான். அவள் திரும்பி வந்து சுவிட்சைப் போட்டால், ஹாலில் சத்தமே இல்லை.

“பெட்டி எங்கங்க?”

“இருக்கு” என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவளுக்கு அது போதுமாக இருந்தது. அவன் கன்னத்தைப் பிடித்து நன்றாகக் கிள்ளிவிட்டு விளையாட உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனார்கள். உள்ளே நுழைந்ததும் கன்சீல் நேராகப் போய் நின்றது, இருப்பதிலேயே பெரிய, வில் மாதிரி வளைந்த மானிட்டருக்கு முன்னால். “இதப் பாரு, இதப் பாரு!” என்று மனைவியின் கையைப் பிடித்து இழுத்தான். கடையில் விற்பனைக்கு நின்ற பெண் வட்டக் கண்ணாடி போட்டவள், அவசரப்படாத பேச்சு. அவள் கணவனைக் கவனிக்கவே இல்லை. மனைவியிடம் கேட்டாள்.

“விளையாடப் போறது யாருங்க அக்கா?”

“நான்தான்.”

“என்ன மாதிரி விளையாட்டு?”

அவள் சொன்னாள். வீட்டில் இருக்கும் பழைய மானிட்டர், பெட்டி என்னவென்றும் சொன்னாள். கண்ணாடிக்காரி தலையாட்டிவிட்டு இரண்டு மானிட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே காட்சியை ஓடவிட்டாள். ஒரு தெரு, வேகமாகப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருந்தது.

“இடது பக்கத்துல இருக்கறது நொடிக்கு அறுபது தடவை படத்த மாத்தும். உங்க பழசு இதுதான். வலது பக்கம் இருநூத்தி நாப்பது தடவை. ஒருத்தன் சுவர் ஓரமா தலைய நீட்டறான்னு வைங்க. இதுல கொஞ்சம் முன்னாடியே தெரிஞ்சிடும். கண் சிமிட்டுற நேரத்த விடக் கம்மிதான், ஆனா உங்க விளையாட்டுக்கு அதுவே பெருசு.”

கன்சீல் குனிந்து பார்த்தான், நிமிர்ந்து பார்த்தான், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். அவனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. ஆனாலும் “ஆமாமா, நல்லா வித்தியாசம் தெரியுது” என்று சொல்லி வைத்தான். ஆண்பிள்ளை, அதுவும் மின்சாரம் தெரிந்தவன், தெரியவில்லை என்று சொல்வானா?

மனைவி மூக்கு முட்டுகிற மாதிரி நெருங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “இதுல போர்டு படிக்க முடியுது” என்றாள்.

“எந்த போர்டு?”

“அந்தத் தெருவுல கடை போர்டு தெரியுதுல்ல? இடது பக்கத்துல எழுத்து எல்லாம் இழுத்துக்கிட்டுப் போகுது. இதுல ஓடுற ஓட்டத்துலயே படிக்கலாம். வண்டி ஓட்டும்போது நான் அப்படித்தானே படிப்பேன்.”

அடுத்து அளவு. இருபத்தேழு அங்குலம், முப்பத்திரண்டு அங்குலம், அந்த வில்லு என்று வரிசையாக முன்னால் உட்கார்ந்து பார்த்தாள். கடைசியில் இருப்பதிலேயே சின்னதாக, தட்டையாக, ஓரத்தில் அநாதையாகக் கிடந்த இருபத்துநான்கு அங்குலத்தைக் காட்டினாள்.

“இதுதாங்க. தலைய திருப்பாம ரெண்டு பக்கக் கண்ணாடியும் தெரியணும். பெருசுல உக்காந்தா, இந்த ஓரத்தப் பாக்கும்போது அந்த ஓரத்துல எவன் வர்றான்னு தெரியாது.”

“சின்னதா இருக்கேம்மா” என்றான் கன்சீல், வில்லை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு.

“நாம என்ன படமா பாக்கப் போறோம்?”

கண்ணாடிக்காரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. “அக்கா, போட்டிக்கு ஆடுறவங்க நிறைய பேரு இந்த அளவுதான் எடுப்பாங்க. நீங்க சொன்ன காரணத்த மட்டும் இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல.” முந்நூற்று அறுபது என்று இன்னொன்றும் இருந்தது. அதை அவளே வேண்டாம் என்றாள். வீட்டில் இருக்கும் பெட்டி அந்த வேகத்துக்குப் படம் கொடுக்காதாம். “வாங்கிட்டுப் போய் சும்மா வச்சிருப்பீங்க, எதுக்கு?” விற்கிற வாயாலேயே வேண்டாம் என்று சொன்ன அந்தப் பெண்ணை இருவருக்கும் பிடித்துப்போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் கன்சீல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். “நீ தள்ளு. ஒயர் சமாச்சாரம் எல்லாம் என் டிபார்ட்மென்ட்.” அவளும் தள்ளிக்கொண்டாள். வீட்டில் ஒரு பல்பு மாற்றக்கூட அவளை அவன் விட்டதில்லை. அட்டைப் பெட்டிக்குள் மானிட்டரோடு புதிய ஒயர் ஒன்றும் சுருட்டி, கட்டி வைத்திருந்தது. அதை எடுத்து நீளம் பார்த்தான். ஒன்றரை மீட்டர். “இது எந்த மூலைக்கு? நம்ம சுவத்துக்குள்ள ராஜா மாதிரி ஒருத்தன் படுத்திருக்கான்” என்று சொல்லி, புதியதை அட்டைப் பெட்டியோடு பரணில் தூக்கிப் போட்டான். சுவரிலிருந்து வந்த பழைய ஒயரை மானிட்டரில் செருகினான். படம் வந்தது. “எப்படி!” என்றான்.

நமக்கு இந்த இடத்தில் அவன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைக்கலாம் போல இருக்கிறது. ஆனால் அவள் கண்ணில் அப்போது இருந்த சந்தோஷத்தைப் பார்த்திருந்தால் நாமும் கையைக் கீழே போட்டிருப்போம்.

அந்த வாரம் முழுக்க அவள் விளையாடினாள். திங்கட்கிழமை, “பழக வேணாமா, பழகணும்” என்றாள். செவ்வாய்க்கிழமை ஒன்றும் சொல்லவில்லை. புதன்கிழமை ஹெட்போன் வழியாகக் கேப்டனின் பெருமூச்சு கன்சீலுக்கே கேட்டது. திரை மூலையில் ஓடும் எண்ணைக் காட்டி, “இருநூத்தி முப்பதுன்னு காட்டுதுல்ல, எல்லாம் நல்லாத்தான் ஓடுது” என்று அவளே சொன்னாள். அது பெட்டி எத்தனை படம் தயாரிக்கிறது என்கிற எண். மானிட்டர் எத்தனை காட்டுகிறது என்கிற எண் இல்லை. அந்த வித்தியாசம் இரண்டு பேருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் மானிட்டரை அணைத்துவிட்டு அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள்.

“இத்தன நாளா மானிட்டர் மேல பழி போடவாவது முடிஞ்சுது. இப்ப அதுவும் இல்ல. நான்தாங்க லேட்டு. நாளைக்கு ஏழு மணிக்கு, ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கேப்டன்கிட்ட சொல்லிடப் போறேன், அஞ்சாவது நாற்காலிய அந்தப் புதுப் பையனுக்கே குடுத்துடுன்னு. அவ வாயால ‘நீங்க வேணாம்’னு சொல்ல வைக்கறது பாவம்.”

“ஒரு ஆட்டம்…”

“விடுங்க” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் சண்டை போட்டிருப்பான். அவள் மெதுவாகச் சொன்னாள். அதுதான் அவனைக் கொன்றது.

சனிக்கிழமை மத்தியானம் வேலையைப் பாதியில் போட்டுவிட்டுக் கன்சீல் கடைக்குள் நுழைந்த வேகத்தைப் பார்த்து வாசலில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள்.

“எங்க அந்தக் கண்ணாடிக்காரி? ஏம்மா, கண்ணுக்கு நேரா ஒண்ணக் காட்டிட்டு வேற ஒண்ணக் கட்டிக் குடுத்திருக்கீங்களா? இருநூத்தி நாப்பதாம் இருநூத்தி நாப்பது! என் வீட்டம்மா ஒரு வாரமா தனக்கு வயசாயிடுச்சுன்னு உக்காந்திருக்கா. அவ முகத்தப் பாக்க முடியல என்னால!”

கண்ணாடிக்காரி கோபப்படவில்லை. “சார், உக்காருங்க. செட்டிங்ஸ்ல எவ்வளவுன்னு வச்சிருக்கீங்க?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது.”

“எந்த ஒயர் போட்டிருக்கீங்க?”

“ஒயரா? யாருகிட்ட கேக்கற? இருபத்தஞ்சு வருஷமா ஒயர்லதான் என் பொழப்பே ஓடுது!”

“சரி சார். மானிட்டர் பெட்டிக்குள்ள ஒரு ஒயர் இருந்துச்சே, அதோட முனையில ஒரு மூலை மட்டும் சரிவா வெட்டுன மாதிரி இருக்கும். அதத்தானே போட்டிருக்கீங்க?”

கடைக்குள் யாரோ இருமினார்கள்.

“அது பரண்ல இருக்கு” என்றான் கடைசியில்.

அவள் மேசைக்குக் கீழே கையை விட்டு ஒரு பழைய ஒயரை எடுத்தாள். காட்சிக்கு வைத்திருந்த அதே மாதிரி மானிட்டரில் அதைச் செருகி, செட்டிங்ஸைத் திறந்து காட்டினாள். அறுபது. வேறு எண்ணே பட்டியலில் இல்லை.

“பழைய ஒயர்ல இதுக்கு மேல போகாது. மானிட்டரும் வாயத் தொறந்து சொல்லாது, சத்தமில்லாம அறுபதுக்கு எறங்கிடும். சார், நீங்களே சொல்லுங்க. மோட்டாருக்குக் காலிங் பெல் ஒயர் போடுவீங்களா?”

எலக்ட்ரீஷியனை இதைவிட நோகடிக்க முடியாது. அப்படி ஒயர் போட்டவனை அவன் ஒரு தடவை சைட்டிலேயே எல்லோர் முன்னாலும் வைத்துத் திட்டியிருக்கிறான். காது மடல்வரை சிவந்துபோய் உட்கார்ந்திருந்தான். ஒரு வாரம். ஒரு வாரமாகத் தன் மனைவி தன்னைக் கிழவி என்று நினைத்து நினைத்துச் சுருங்கிப் போனதற்குக் காரணம் தான் ஆசை ஆசையாகப் பூசி வைத்த அந்தச் சுவர்.

“இதே மாதிரி நீளமா இருக்கா? அஞ்சு மீட்டர்?” என்று கேட்டான். குரல் அடங்கியிருந்தது.

“இருக்கு. ஆனா நீளம் கூடுனா சிலது சொதப்பும். இருங்க, இங்கயே போட்டுப் பாத்துத் தர்றேன்.” மூன்று ஒயர்களைப் போட்டுப் பார்த்தாள். மூன்றாவது இருநூற்று நாற்பதைக் காட்டியது. வீட்டில் போய் எதை அமுக்கி எதைத் திறந்து எங்கே எண்ணை மாற்ற வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதியும் கொடுத்தாள். “அக்காகிட்ட நான் கேட்டதா சொல்லுங்க.”

“மன்னிச்சுக்கம்மா” என்றான் கன்சீல். சொல்லிவிட்டு வேகமாக வெளியே வந்துவிட்டான்.

வீட்டுக்கு வரும்போது மணி நாலு. அவள் ஷிப்ட் முடிந்து ஆறேகாலுக்கு வருவாள். ஏழு மணிக்கு ஆட்டம். பரணிலிருந்து அட்டைப் பெட்டியை இறக்கி, கட்டுக்கூடப் பிரிக்காமல் கிடந்த அந்தக் குட்டை ஒயரைப் பார்த்தபோது அவனுக்குத் தன்னைத் தானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. பெட்டியை மேசைக்கே கொண்டுவந்தால் இதுவே போதும். ஆனால் காற்றாடி இரைச்சலில் காலடி கேட்காது. சுவருக்குள் புதிய ஒயரை இழுக்கலாம் என்றால், ஏற்கெனவே மூன்று ஒயர் நிறைந்த பைப்புக்குள் அதன் முனை நுழையாது. சுவரைக் கொத்தலாம் என்றால் கொத்த ஒரு நாள், பூச ஒரு நாள்.

சுவரை நிமிர்ந்து பார்த்தான். மழமழவென்று, ஒரு கோடு இல்லாமல், அழகாக நின்றது.

பிறகு ஸ்டோர் ரூமிலிருந்து கதவு நிலைக்கு மேலாக அந்தக் கறுப்பு ஒயரை வெளியே கொண்டுவந்தான். ஹால் சுவரில் ஆணி அடிக்கக்கூட நேரம் இல்லை; சுவர்க்கடிகாரம், கொடிக்கயிறு கட்டும் கொக்கி, ஜன்னல் கம்பி என்று எது எது கையில் அகப்பட்டதோ அதிலெல்லாம் மாட்டினான். மாட்ட இடம் இல்லாத இடத்தில் ஒரு கயிற்றைக் கட்டித் துணி கிளிப்பால் பிடித்தான். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று கிளிப்புகள். நடு ஹாலில் ஒயர் தொப்பையாகத் தொங்கியது. ஸ்டோர் ரூம் கதவு இனிமேல் மூடாது. துண்டுத் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அமுக்கினான். மாற்றுவதற்கு முன்னால் அங்கே அறுபது என்று இருந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்தான். இருநூற்று நாற்பதைத் தேர்ந்தெடுத்தான்.

ஸ்டூலில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தபோதுதான் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. ‘மானிட்டர்ல கோளாறும்மா. கடையில சொன்னேன், சரி பண்ணிக் குடுத்துட்டாங்க.’ ஒரே வரி. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிடும், இவன் மானமும் போகாது. இருபத்தைந்து வருடம் எதையும் வெளியே தெரியாமல் மறைத்தே பழகிய கை, இதையும் மறைக்கத் தெரியாமலா போகும்? அந்த வரியை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

ஆறு இருபதுக்கு அவள் வந்தாள். காக்கிச் சட்டை, கையில் சாப்பாட்டுப் பை, கண்ணெல்லாம் களைப்பு. வாசலில் செருப்பைக் கழற்றியவள் நிமிர்ந்து ஹாலைப் பார்த்து அப்படியே நின்றாள். கதவு மேலிருந்து கடிகாரம், கடிகாரத்திலிருந்து கொக்கி, கொக்கியிலிருந்து கயிறு, கயிற்றில் அவளுடைய துணி கிளிப்புகள் என்று அவள் பார்வை மெதுவாக நகர்ந்தது.

“என்னங்க இது? உங்க வீட்டுலயா?”

அந்த ஒரு வரி அவன் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தான். வரவில்லை.

“தப்பு என்னோடதும்மா. மானிட்டர் நல்ல மானிட்டர்தான். சுவத்துக்குள்ள கெடந்த பழைய ஒயரையே சொருகிட்டேன். அது உன்ன அறுபதுலயே கட்டிப் போட்டுடுச்சு. ஒரு வாரமா நீ ஆடுனது உன் பழைய மானிட்டர்லதான், வேற சட்ட போட்டுக்கிட்டு. உன் கண்ணுல ஒண்ணும் இல்ல. கையிலயும் ஒண்ணும் இல்ல. நான்தான்.”

அவள் பையைக் கீழே வைத்தாள்.

“ஒரு வாரமா ராத்திரி தூக்கம் இல்லங்க எனக்கு! கண் டாக்டர்கிட்ட போகலாமான்னு நெனச்சேன். வண்டி ஓட்டவே லாயக்கு இல்லையோன்னு பயந்துட்டேன். ஒரு வாரம்!” குரல் உடைந்தது. “ஒயர் என் டிபார்ட்மென்ட்டாம் டிபார்ட்மென்ட்!”

“திட்டு. நல்லா திட்டு. ஆனா ஏழு மணிக்கு ஆட்டம் இருக்கு. கேப்டன்கிட்ட ஒண்ணும் சொல்லாத. ஆடிட்டுச் சொல்லு.”

அவள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து மவுஸைத் தொட்டாள். திரையில் அம்பு நகர்ந்தது. வலது, இடது, வலது. கையை எடுத்துவிட்டு மறுபடியும் தொட்டாள். “அய்யோ” என்றாள் மெதுவாக.

ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. கன்சீல் யாரும் இடித்துவிடக் கூடாதே என்று ஒயருக்குக் காவலாக ஸ்டோர் ரூம் வாசலில் நின்றான். வீட்டில் இருந்ததே இரண்டு பேர், அதில் யார் இடிக்கப் போகிறார்கள் என்று கேட்காதீர்கள். முதல் மூன்று சுற்றும் மோசம். இத்தனை வருடமாகத் தாமதமாக வரும் படத்துக்குப் பழகிய கை, இப்போது எல்லாவற்றையும் தாண்டித் தாண்டிப் போயிற்று. “மாமியாரே, என்ன பண்றீங்க!” என்று கேப்டன் கத்தியது ஹெட்போனுக்கு வெளியே கேட்டது. கன்சீல் தலைக்கு மேல் போன ஒயரை நிமிர்ந்து பார்த்தான். கடைசியில் தன்னால் இதுவும் போச்சா?

நான்காவது சுற்றில் அவள் தோள் இறங்கியது. நெரிசலில் மாட்டின வண்டியை வெளியே எடுக்கும்போது அவள் அப்படித்தான் தோளை இறக்கி உட்காருவாள், அவன் பார்த்திருக்கிறான். அதன் பிறகு மேசையிலிருந்து கிளிக், கிளிக் என்று சின்னச் சின்னச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கேப்டன் கத்துவதை நிறுத்தியிருந்தாள். கடைசிச் சுற்றில் இவள் பக்கம் நாலு பேரும் செத்துவிட்டார்கள். மாமியார் மட்டும் தனியாக, எதிரில் இரண்டு பேர். அவள் தலையைத் திருப்பவில்லை, மூச்சுக்கூட விடவில்லை. இடது ஓரத்தில் ஒரு தலை நீண்டது, கிளிக். நீண்ட வேகத்திலேயே விழுந்தது. வலது ஓரத்தில் இன்னொன்று. கிளிக்.

ஹெட்போனுக்குள் நாலு பேர் கத்தியது பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

“மாமியாரே! இத்தன நாளா இத எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு அரங்கத்துல இருக்கணும். லேட்டா வந்தீங்க, அவ்வளவுதான்!”

“லேட்டா வர மாட்டேன்” என்றாள் அவள். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் காக்கிச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு திரும்பினாள். “கூடம் நெஜமாவே கோணல்தாங்க.”

“கோணலாக் கட்டுனவன் இங்கதான் நிக்கிறேன்” என்றான் அவன். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பை நிறுத்தவே முடியவில்லை. சிரித்துச் சிரித்து, கடைசியில் அது கொஞ்சம் அழுகையாகவும் ஆயிற்று. அவன் பக்கத்தில் போய் அவள் தலையில் கையை வைத்தான். வைத்தவன் எடுக்காமல் நின்றான்.

“திங்கக்கிழமை லீவு போட்டுடறேன்மா. சுவத்தக் கொத்தி, பெரிய பைப்பா வச்சு, ரெண்டே நாளுல பூசிடறேன். அப்புறம் இந்த அசிங்கம் கண்ணுல படாது.”

“தொட்டீங்க, கைய ஒடிச்சிடுவேன்.”

“பைத்தியமா உனக்கு? வர்றவன் போறவன்லாம் சிரிப்பான். கன்சீல் வீட்டுல ஒயர் தொங்குதுன்னு சைட்டு சைட்டா சொல்லுவானுங்க.”

“சொல்லட்டும்.” அவள் நாற்காலியிலிருந்து எழுந்து, நடு ஹாலில் தொங்கிய ஒயரை விரலால் லேசாகத் தட்டினாள். அது ஆடியது. “கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷம். எம்மேல வச்சிருக்கற பாசத்தையெல்லாம் சுவத்துக்குள்ளயே வச்சுப் பூசிட்டீங்க. ஒண்ணாவது வெளிய தெரியட்டும்.”

கடிகாரத்துக்குப் பக்கத்தில் பச்சைக் கிளிப் ஒன்று சரிந்திருந்தது. அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அதை நேராக மாட்டினான்.